தவளையை விற்ற நாள்

அந்தக் காருக்குத் தவளை என்று பெயர். பச்சை நிறம், தட்டையான மூக்கு, நின்ற இடத்திலிருந்து ஒரே தாவாகத் தாவும் குணம். பெயர் வைத்தவள் அக்கா. அதை ஓட்டியவளும் அவள்தான். இன்ஜினைக் கட்டியவர் அம்மா.

தங்கைக்கும் ஒரு வேலை இருந்தது. யார் கையும் நுழையாத சந்தில் நட்டு விழுந்தால், அவள்தான் கையை விட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். பத்து வயதுக்கு அவள் அவ்வளவு ஒல்லி. வீட்டில் அவளைக் குண்டூசி என்றே கூப்பிட்டார்கள்.

அக்கா ஓட்டியது டிராக் ரேஸ். வளைவே இல்லாத பந்தயம் அது. நேராக நானூறு மீட்டர் பாதை. பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு கார்கள் பாயும். பத்துப் பதினோரு வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். பார்க்க வந்தவர் தும்மினால் போச்சு, பாதிப் பந்தயத்தைத் தவற விட்டிருப்பார்.

போன பந்தயத்தில், பாதித் தூரத்தில், இன்ஜினுக்குள் ஒரு ராடு முறிந்தது. பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டு அது. முறிந்த வேகத்தில் இன்ஜின் சுவரையே குத்திக்கொண்டு வெளியே வந்தது. ஆயில் கொட்டிப் பின் டயர் நனைந்தது. தவளை வழுக்கிப் போய்ச் சுவரில் மோதியது.

அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது முழங்கை மூன்று இடத்தில் உடைந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. "இனிமே இவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அக்கா, தவளை நின்ற ஷெட் பக்கமே போகவில்லை. இடது கையால் பல் தேய்த்தாள். இடது கையால் சாப்பிடப் பழகினாள். தவளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் காலை, சாப்பிடும்போது திடீரென்று சொன்னாள்:

"அம்மா, தவளைய வித்துடு."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா செத்த வண்டியா விக்காதே. ஓட வச்சு வித்துடு."

அம்மா சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய் ஷெட் கதவைத் திறந்தார்.

ஓட்டை விழுந்த இன்ஜின் எதற்கும் உதவாது. வேறொரு இன்ஜினை வாங்கி வந்து, அதை முழுக்கக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது ராடுகளும் புது போல்ட்டுகளும் போட்டுத் திரும்பப் பூட்டினார்கள். மாலையில் பள்ளிக்கூடம் விட்டதும் குண்டூசி நேராக ஷெட்டுக்கு வந்துவிடுவாள்.

ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கியபின் அம்மா அதன் தலையில் வெள்ளைப் புள்ளி வைத்தார். பிறகு மறுபடி முடுக்கிப் பார்த்தார். மறுபடியும்.

"அம்மா, இத மூணு வாட்டி பாத்தாச்சு."

"நாலாவது வாட்டி பாத்தா தேஞ்சா போயிடும்?"

சிறிது நேரம் கழித்து அம்மா, ஸ்பானரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போன தடவ ராடுல பழைய போல்ட்டையே திரும்பப் போட்டேன். நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்."

குண்டூசி கையைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த போல்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

இன்ஜின் உயிர் பெற்றதும் அதைப் பதமாக்கும் வேலை தொடங்கியது. குண்டூசி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டர் பெடலை மிதிப்பாள். அம்மா முன்பக்கம் குனிந்து, காதுக்கு மூடி போட்டுக்கொண்டு, பெட்ரோலைக் கூட்டுவார், குறைப்பார். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இருவரும் நிறம் பார்ப்பார்கள்.

"வெள்ளையா இருக்கும்மா."

"பெட்ரோல் பத்தல. வண்டிக்குப் பசி."

அடுத்த முறை கறுப்பு. "இப்ப தின்னு தின்னு அஜீரணம்" என்றார் அம்மா. ஐந்தாம் நாள் பிளக் பிஸ்கட் நிறத்தில் வெளியே வந்தது. அதுதான் சரியான நிறம். அம்மா வெகுநாள் கழித்துச் சிரித்தார். அடுத்த நாள் காலை, வாங்குகிறவர் பந்தயப் பாதைக்கே வந்து ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

"கடைசியா ஒரு வாட்டி. பத்து நிமிஷம் ஓடட்டும். நல்லா சூடேறட்டும்."

சூடேறியது. "அமுக்கு! விடு!"

குண்டூசி காலை எடுத்தாள். ஆனால் பெடல் கூடவே மேலே வரவில்லை. பல்லில் ஒட்டிக்கொண்ட மிட்டாய் போல ஒரு கணம் கீழேயே நின்றது. பிறகுதான் வந்தது. இன்ஜினின் அலறலும் தாமதமாகத்தான் அடங்கியது.

"கால டக்குனு எடுடி!" என்று கத்தினார் அம்மா.

அவள் டக்கென்றுதான் எடுத்தாள். அடுத்த முறையும் அப்படியே. அதற்கு அடுத்த முறையும்.

சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது ஒரு யோசனை வந்தது. சொன்னால் அம்மா சரிசெய்துவிடுவார். சொல்லாவிட்டால்? நாளைக்கு வருகிறவர், "வண்டி சரியில்ல" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவார். தவளை வீட்டிலேயே இருக்கும்.

வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பந்தயப் பாதைக்கு வாங்க வந்தவர் பேக்கரி வைத்திருப்பவர். விடியும் முன்பே ரொட்டி சுட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு புருவத்தில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. ஆள் நல்ல பருமன். இருக்கைக்குள் நுழைய மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"சுட்டதுல பாதிய நானே ருசி பாத்துடறேங்க. அதான் இந்தக் கதி" என்றார் அம்மாவிடம். பிறகு குண்டூசியிடம் மெதுவாகக் கேட்டார்: "பாப்பா, ரொம்ப வேகமா போகுமா? நான் இதுவரைக்கும் சின்ன வண்டிதான் ஓட்டியிருக்கேன்."

குண்டூசி தலையை மட்டும் ஆட்டினாள்.

தவளையை டிரெய்லரில் இழுத்து வந்த வேனை விட்டு அக்கா இறங்கவில்லை. கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

முதலில் மெதுவாக ஒரு ஓட்டம். ஒரு கோளாறும் இல்லை. தவளை திரும்பி வந்து கோட்டில் நின்றது. "இப்ப முழு வேகம்" என்றார் பேக்கரி அண்ணா. அம்மா குனிந்து அவருடைய பெல்ட்டுகளை இழுத்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அம்மாவின் விரல்கள் பெல்ட்டை விட்டு வரவில்லை.

குண்டூசி அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு பாதையின் கோடியைப் பார்த்தாள். அங்கே ஒரு சுவர் இருந்தது.

பெடல் மேலே வராவிட்டால் வண்டி கெட்டுப்போகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வண்டிக்குள் இருக்கும் ஆளுக்கு என்ன ஆகும் என்று நினைத்தே பார்க்கவில்லை.

இன்ஜின் உறுமியது. கத்தினால் யாருக்கும் கேட்காது. குண்டூசி ஓடினாள். காரின் பின்புறத்தில், ஆபத்து நேரத்தில் இன்ஜினை நிறுத்த ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அதைப் பிடித்து இழுத்தாள்.

தவளை சட்டென்று அடங்கியது.

"யாரது?" அம்மா திரும்பினார்.

"நான்தான். ஓட்ட வேண்டாம்மா. பெடல் ஒட்டிக்குது. நேத்தே தெரியும்."

பேக்கரி அண்ணா பெடலை மிதித்து விட்டுப் பார்த்தார். "நல்லாத்தானே வருது?"

"இப்ப வரும், அண்ணா. நல்லா சூடானாத்தான் ஒட்டும். பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்க. வண்டி நின்னே இருக்கட்டும்."

அம்மா அவளை உற்றுப் பார்த்தார். வேன் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"நான் உக்காந்து பாக்கறேன்" என்றாள் அக்கா.

பேக்கரி அண்ணா வெளியே வரக் கொஞ்ச நேரமானது. அக்கா உள்ளே உட்கார்ந்தாள். தவளை நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடியது. அக்கா மிதித்தாள், விட்டாள். இன்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி மிதித்துப் பார்த்தாள்.

"ஆமாம்மா. ஒட்டுது."

அம்மா தரையில் படுத்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பெடலிலிருந்து போகும் கேபிள், புது இன்ஜினின் புகைக்குழாய்க்கு மிக அருகில் போயிருந்தது. சூட்டில் கேபிளின் மேலுறை இளகி, உள்ளே ஓடும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"போல்ட்டையே எண்ணிக்கிட்டிருந்தேன். இதப் பாக்கலையே" என்றார் அம்மா, படுத்தபடியே.

குழாய் ஆறியதும் புதுக் கேபிள் போட்டு, வேறு வழியாகத் தள்ளிக் கட்டினார்கள். அந்தச் சந்துக்குள் குண்டூசியின் கைதான் போயிற்று.

அதுவரை அக்கா இருக்கையை விட்டு இறங்கவில்லை. இடது கை ஸ்டீயரிங் மேல் இருந்தது. வலது கையையும் மெல்லத் தூக்கினாள். அது பாதியில் நின்றது. மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் வேறெங்கோ பார்த்தார்கள்.

பிறகு அவள் இறங்கிப் பேக்கரி அண்ணாவிடம் சொன்னாள்: "கெளம்பும்போது இடது பக்கமா ஒரு இழு இழுக்கும். பயந்து திருப்பிடாதீங்க. தானாவே நேராயிடும். அது சுபாவம் அப்படி."

மறுபடி சூடேற்றி, பெடலைப் பலமுறை சோதித்த பிறகே அம்மா தலையசைத்தார். பச்சை விளக்கு எரிந்தது. தவளை தாவியது. பதினோரு வினாடி. பாதையின் கோடியில் வேகம் குறைந்து, அழகாக நின்றது.

மதியத்துக்குள் டிரெய்லரோடு சேர்த்து அதைப் பேக்கரி அண்ணாவின் வண்டியில் மாட்டியாயிற்று. சாலை முனையில் பச்சை மறையும்வரை குண்டூசி பார்த்துக்கொண்டே நின்றாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வேனில் மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாதி வழியில் குண்டூசி அழுதுகொண்டே சொன்னாள்: "கெட்டுப்போனா அவர் வாங்க மாட்டார்னு நெனச்சேன். அதான் நேத்து சொல்லல."

அக்கா இடது கையால் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நானும் காலையிலேர்ந்து வேன்ல உக்காந்து அதத்தான் வேண்டிக்கிட்டிருந்தேன். ஸ்டார்ட் ஆகக்கூடாது, ஸ்டார்ட் ஆகக்கூடாதுன்னு."

"நீங்க ரெண்டு பேர் மட்டுந்தான்னு நெனச்சீங்களா?" என்றார் அம்மா, சாலையைப் பார்த்தபடியே.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

வழியில் ஒரு வேகத்தடை வந்தது. பின்னால் இழுத்துச் செல்ல எதுவும் இல்லை. ஆனாலும் அம்மா, தவளை குலுங்கிவிடக் கூடாது என்பது போல, வேனை மெல்ல ஏற்றி மெல்ல இறக்கினார்.