பாதிக்கு மேல் ஓட்டியவர்

அவினாசி சாலை சிக்னலில் பின்னால் நின்றவர்கள் எல்லோரும் தெய்வசிகாமணியின் வண்டி வாலில் 47 என்று படித்தார்கள். பள்ளி வேன் ஜன்னலிலிருந்து ஒரு சிறுமி, "மிஸ், இந்தத் தாத்தா ஃபெயில்," என்றாள். மிஸ் மறுக்கவில்லை.

எல்லா வண்டிகளிலும் பங்குமானி கட்டாயமாகிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வண்டியை ஓட்டுவதில் மனிதர் செய்தது எவ்வளவு, பொறி செய்தது எவ்வளவு என்று அது ஓயாமல் கணக்கிட்டு, மனிதரின் பங்கை நூற்றுக்கு இத்தனை என்று வால்விளக்கின் கீழே காட்டும். விபத்து நடந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிவதற்காகக் கொண்டுவந்தார்கள். விபத்துகள் குறைந்துவிட்டதால் இப்போது விபத்து இல்லாமலேயே திட்ட முடிகிறது. ஐம்பதுக்கு மேல் என்றால் நீங்கள் ஓட்டி. கீழே என்றால் பயணி. ஹாண்டில்பார் உங்கள் கையிலேயே இருந்தாலும் பயணிதான்.

தெய்வசிகாமணிக்கு அறுபத்தொன்பது வயது. பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நொய்யல் நெடுவழி நண்பர்கள் என்ற மோட்டார்சைக்கிள் சங்கம் ஆண்டுதோறும் கொல்லிமலைக்குப் போகும்போது முன்வண்டி அவருடையதுதான். சங்க அறைச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதில் ஆண்டுவாரியாக முன்வண்டி ஓட்டியின் பெயர் எழுதப்படும். பெயிண்டர் இப்போதெல்லாம் பெயர் கேட்பதில்லை, மேல் வரியைப் பார்த்து எழுதிவிடுகிறார். ஆனால் பயணி ஒருவரின் வண்டி முன்வண்டியாகப் போக முடியாது. ஐம்பதுக்குக் கீழே போனவர்கள் சாமான் வேனுக்கு முன்னால் கடைசியாக வர வேண்டும். அதற்கு மூட்டை வரிசை என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை. இன்று வியாழன்.

அவர் ஒரேயடியாக 47க்கு வந்துவிடவில்லை. முதலில் இடுப்பு வலித்தது. காற்றுமணி இருக்கை போட்டார். முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் சேர்த்து ஒரே நீள மெத்தை. உள்ளே ஆயிரக்கணக்கான காற்றுமணிகள் ஓட்டுபவருக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே ஓடிப் போய் முட்டுக்கொடுக்கும். பிறகு கை மரத்துப்போனது. சாலையின் நடுக்கத்தைத் தின்றுவிடும் அதிர்வுண்ணி வந்தது. முழங்கால் போனது. நிற்கும்போது வண்டியைத் தானே நிமிர்த்திப் பிடிக்கும் நில்பொறி வந்தது. கடைசியில் கழுத்து. அதற்கு வளைவறி. ஓட்டியின் கண் போகும் திசையைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொள்ளும். ஒவ்வொன்றும் அவர் பங்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. வளைவறி மாட்டிய அன்றே அவர் பயணி ஆகிவிட்டார். உடம்பு சொன்னதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

சிங்காநல்லூரில் மெஹருன்னிசாவின் பட்டறையில் 'வயதுக்கேற்ற வண்டி' என்று பலகை தொங்கியது. வண்டியை இவ்வளவு சுகமாக மாற்றிக் கொடுத்தவள் அவள்தான்.

"எதையாச்சும் கழட்டி உட்ரு அம்மிணி. நாலு பங்கு ஏறுனாப் போதும்."

"எதைக் கழட்டட்டும் அங்கிள்?"

"நீயே சொல்லு."

"நில்பொறி?"

"சிக்னல்ல வுழுந்து வைக்கறதுக்கா?"

"வளைவறி?"

தெய்வசிகாமணி அவளை முறைக்க முயன்றார். அவள் பக்கவாட்டில் நின்றிருந்ததால் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதாக மெஹருன்னிசா எடுத்துக்கொண்டாள். இருக்கையை மட்டும் அணைத்துவிட்டு ஒரு சுற்று போய்வரச் சொன்னாள். அவர் முக்கில் இருந்த பேக்கரி வரை போய்த் திரும்பினார்.

"அதைத் தொடாத," என்றார்.

"சரி, வசதி எதையும் கழட்ட வேண்டாம். தொந்தரவு ஒண்ணு சேத்துக்கலாம்."

அவள் எடுத்துக் காட்டியது தீப்பெட்டி அளவுக்கு ஒரு சாதனம். பிழையூட்டி. அதை மாட்டினால் வண்டி அவ்வப்போது சின்னதாகத் தப்பு செய்யும். ஓரமாக அரைச் சாண் ஒதுங்கும். வேகத்தடைக்குக் கொஞ்சம் தாமதமாக வேகம் குறைக்கும். மனிதர் திருத்தினால் அது மனிதர் பங்கு. கவனிக்காமல் விட்டால் ஆபத்து வருவதற்கு முன் வண்டியே திருத்திக்கொள்ளும், அது பொறியின் பங்கு.

"வண்டி வேணும்னே தப்புப் பண்ணுமா?"

"நீங்க கரெக்ட் பண்றதுக்காகப் பண்ணும்."

தெய்வசிகாமணிக்கு இது உடனே விளங்கியது. "எங்க மொதலாளிக்கு லெட்டர் டைப் பண்ணுனா ரெண்டு தப்பு வுட்டுத்தான் குடுப்பேன். அவரு அதைச் சுழிச்சாத்தான் கையெழுத்தே போடுவாரு. இல்லீன்னா முழு லெட்டரையும் மாத்துவாரு. மாட்டு, மாட்டு."

தனியாக ஓட்டிப் பார்த்தார். 48. வண்டி தப்பு செய்தது. அவர் கவனிப்பதற்குள் அதுவே வருத்தப்பட்டுத் திருத்திக்கொண்டது. மறுநாள் மனைவி வசந்தாமணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சியில் மைத்துனி வீட்டுக்குப் போய்விட்டு வந்து இறங்கி வாலைப் பார்த்தார். 58. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். 58தான்.

அவர் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். பின்னால் எடை இருந்தால் வண்டி நன்றாகப் பதிகிறது.

"வசந்தா, ஞாயித்துக்கெழம நீயும் வா."

"நான் எதுக்குங்க? அந்த மலையில ஏறி எறங்குனா இடுப்பு எனக்கு ஒரு வாரத்துக்கு ஆகாது. வசதியெல்லாம் உங்களுக்கு. நான் வெறும் பலகையில உக்காந்தாப்பல வரோணும்."

"உன்ற எடை வேணும்."

வசந்தாமணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். அந்த வாக்கியத்தை வேறு மாதிரிச் சொல்லிப் பார்க்க அவருக்கு மாலை வரை ஆனது. கடைசியில் மலையில் அன்னாசிப்பழம் வாங்கித் தருவதாக ஒப்பந்தம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை அடிவாரத்தில் சங்கத்தின் வண்டிகள் டீக்கடை முன்னால் வரிசையாக நின்றன. தெய்வசிகாமணியின் வாலில் 57. மூட்டை வரிசையில் நின்ற இரண்டு பழைய நண்பர்கள் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சங்கச் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி தொட்டுப் பார்க்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். இத்தனை ஆண்டுகளாக இரண்டாவது வண்டி அவருடையது.

"மணியண்ணே, போன வாரம் நாப்பத்தேழுன்னு கேள்விப்பட்டனுங்க."

"போன வாரம் சளி புடிச்சிருந்துச்சு."

"சந்தோசமுங்க. ஒரு பேச்சுக்குச் சொல்றேன், பிரிச்சுக் காட்டச் சொல்லுங்களேன்."

"என்னத்தைப் பிரிக்கறது?"

"வண்டியில ரெண்டு பேரு வந்தீங்கல்ல. மனுசப் பங்குன்னா எந்த மனுசன்னு."

பங்குமானியில் அப்படி ஒரு வசதி இருப்பது தெய்வசிகாமணிக்குத் தெரியாது. ஈஸ்வரமூர்த்தி குனிந்து ஒரு பொத்தானை அழுத்தினார். திரையில் மூன்று வரிகள் வந்தன. பொறி 43. வசந்தாமணி 36. தெய்வசிகாமணி 21.

வண்டியே விளக்கம் சொன்னது. பங்குமானி கைகளை மட்டும் பார்ப்பதில்லை, முடிவு யாருடையது என்று பார்க்கிறது. வண்டி ஒதுங்கும்போதெல்லாம் பின்னாலிருந்து முதலில் 'ஏனுங்க' என்று ஒரு குரல் வருகிறது. அதோடு ஓட்டுபவர் இடுப்பில் ஒரு கிள்ளு விழுகிறது. அதன் பிறகே கை திரும்புகிறது. ஆகவே அந்தக் கை ஒரு கருவி. நில்பொறி மாதிரி.

"மனுசப் பங்கு அம்பதுக்கு மேல, அதுல அக்காவோடதுதான் அதிகம். அப்ப அக்காதான் ஓட்டி," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"நான் பின்னால உக்காந்துக்கிட்டே முன்வண்டி ஓட்டறனா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"சட்டப்படி ஆமாங்கக்கா. உச்சியில போயி நிக்கும்போது வண்டி யாரு பேரைக் காட்டுதோ அந்தப் பேரத்தான் பலகையில எழுதுவோம். நான் எதுவும் சொந்தமாச் சொல்லலீங்க."

வண்டி சட்டத்தை மதிக்கும் வண்டி. "வணக்கம் வசந்தாமணி. வசதிகள் ஓட்டிக்கு உரியவை. பின்னுக்குக் கொண்டுவருகிறேன்," என்றது. காற்றுமணிகள் சலசலவென்று முன்னிருக்கையிலிருந்து பின்னிருக்கைக்கு ஓடின. தெய்வசிகாமணி தன் கீழே மெத்தை வடிந்து போவதை உணர்ந்தார். அதிர்வுண்ணியும் முதுகைத் திருப்பிக்கொண்டது.

ஏறத் தொடங்கினார்கள். கொல்லிமலைச் சாலையில் எழுபது கொண்டையூசி வளைவுகள். முதல் வளைவிலேயே சாலை அவர் முதுகெலும்பு வழியாக மேலே ஏறி வந்தது. தார் எங்கே ஒட்டுப் போடப்பட்டிருக்கிறது, சரளை எங்கே சிதறிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியத் தொடங்கியது. ஆறேழு ஆண்டுகளாக அவர் ஒரு மேகத்தின்மேல் உட்கார்ந்து ஊர் ஊராகப் போயிருக்கிறார்.

பின்னால் வசந்தாமணி, "ஏனுங்க, இத்தன நாளா இப்படியா உக்காந்துட்டுப் போனீங்க," என்றாள்.

"எப்படி?"

"இடுப்பைத் தாங்கிப் புடிச்சுட்டு வருதுங்க இது. சொல்லவே இல்லியே நீங்க."

நாலைந்து வளைவுகள் கழித்து, 'ஏனுங்க' வர வேண்டிய ஓர் இடத்தில் வரவில்லை. வண்டி ஓரத்துக்கு ஒதுங்கியது. கிள்ளும் விழவில்லை. வசந்தாமணியின் ஹெல்மெட் அவர் முதுகில் பொத்தென்று சாய்ந்தது. தூங்கிவிட்டாள்.

வளைவறிக்கு ஓட்டியின் கண் வேண்டும். ஓட்டியின் கண் மூடியிருந்ததால் அது குழம்பி, மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது. வண்டியைத் திருப்பத் தெய்வசிகாமணி மட்டுமே மிச்சம். அவர் திருப்பினார். கழுத்து திரும்பாததால் இடுப்பிலிருந்து திருப்பினார். பிழையூட்டி தன் வேலையைச் செய்தது. ஒவ்வொரு தப்பும் முதுகில் வந்து முட்டியதால் ஒவ்வொன்றும் உடனே தெரிந்தது. வலிக்கும் ஆளுக்குக் கவனம் சிதறாது என்பதைப் பங்குமானி ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டே வந்தது.

பாதி மலையில் வண்டி பேசியது. "வணக்கம் தெய்வசிகாமணி. இப்போது நீங்கள் ஓட்டி. பங்கு 54. வசதிகளை முன்னால் கொண்டுவரட்டுமா?"

அவர் வாயில் 'கொண்டா' என்ற சொல் தயாராக இருந்தது. நல்லவேளையாகக் கொள்முதல் மேலாளர் மூளை குறுக்கே வந்தது. வசதி வந்தால் பங்கு குறையும். பங்கு குறைந்தால் வசதி போகும். வசதியும் ஓட்டிப் பட்டமும் ஒரே ஆளிடம் ஒரு வளைவுக்கு மேல் தங்காது. அதோடு மணிகள் முன்னால் ஓடி வந்தால் வசந்தாமணி விழித்துக்கொள்வாள்.

"வேண்டாம். அவளே வெச்சுக்கட்டும்," என்றார் மெதுவாக.

உச்சியில், அன்னாசிக் கடைகளுக்கு எதிரே வண்டியை நிறுத்தியபோது திரையில் 'ஓட்டி: தெய்வசிகாமணி, 78' என்று இருந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஈஸ்வரமூர்த்தி எண்ணைப் பார்த்தார். பிரித்தும் பார்த்தார். பிறகு, "பேரு எழுதிரலாமுங்க," என்றார். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

வசந்தாமணி கண் விழித்தாள். வண்டி பக்கவாட்டில் மண்டியிட்டு அவளைப் பூப்போல இறக்கிவிட்டு நிமிர்ந்தது. அவள் சோம்பல் முறித்துக்கொண்டு அன்னாசிக் கடைக்கு நடந்தாள்.

தெய்வசிகாமணி இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்றுதான் நினைத்தார். இடுப்புக்குக் கீழே இருப்பவற்றுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்வண்டி ஓட்டி இறங்கித் தரையில் கால் ஊன்றும் வரை வேறு எந்த ஓட்டியும் இறங்கக் கூடாது. எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். எல்லோரும் அடிவாரத்தில் டீ குடித்தவர்கள். வரிசையாக வண்டிமேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே பனிமூட்டம் இறங்கியது.

"அண்ணே, எறங்கலீங்களா?"

"காத்து நல்லா இருக்குது மூர்த்தி. இருக்கட்டும்."

அவர் குனிந்து வண்டியிடம் கிசுகிசுத்தார். "என்னையும் கொஞ்சம் எறக்கி உடு."

"மண்டியிட்டு இறக்குவது பயணிகளை மட்டும்," என்றது வண்டி. அதுவும் கிசுகிசுப்பாகத்தான் சொன்னது. "இறக்கிவிட்டால் இந்தப் பயணம் முழுவதற்கும் நீங்கள் பயணி என்று பதிவாகும். சம்மதமா?"

தெய்வசிகாமணி நிமிர்ந்து பனியைப் பார்த்தார்.

முதலில் இரண்டாவது வண்டிதான் மண்டியிட்டது. ஈஸ்வரமூர்த்தி தன் வண்டியின் காதில் என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. அவர் இறங்கி, யாரையும் பார்க்காமல், இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் வேகமாகப் போனார். அவர் வாலில் இருந்த 64 அணைந்து 'பயணி' என்று வந்தது. அடுத்து மூன்றாவது வண்டி மண்டியிட்டது. நாலாவது. பிறகு வரிசை முழுக்க, மழை தூறுவது போன்ற சத்தத்தோடு, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்டியிட்டுக்கொண்டே போயின. மலைமேல் ஓட்டி என்று ஒரே ஒரு மனிதர்தான் மிஞ்சினார்.

வசந்தாமணி மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டோடு வந்தாள். வரிசையாக நின்ற காலி வண்டிகளைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். துண்டை அவர் வாயில் ஊட்டினாள்.

"கால் வரலியா?"

"வரலே."

"எறங்கறீங்களா, இல்ல இப்படியே திரும்பிப் போயிரலாமா?"

தெய்வசிகாமணி பழத்தை மென்று விழுங்கினார்.

"ஏறிக்கோ," என்றார். "கீழ போற வரைக்கும் நல்லாத் தூங்கு."