பன்னிரண்டு கேள்விக்கும் இல்லை

பிள்ளை பெற்றவளின் மனநிலையை அறியப் பன்னிரண்டு கேள்விகள் கேட்கும் அந்தத் தாளை அவன் மனைவிதான் நிரப்பியிருக்க வேண்டும். அவள் குளித்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்கு வந்த நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். நாளெல்லாம் லிஃப்டுகளைச் சோதித்து, கயிறு, பிரேக், கதவு என்று டிக் அடிக்கிற கை சும்மா இருக்குமா? அவனே பேனாவை எடுத்தான்.

முன்பு மனச்சோர்வு உண்டா? கல்லூரியில் ஒரு வருடம் அறையை விட்டே வராமல் கிடந்தாள். பழைய கதை, இல்லை. சிக்கலான பிரசவமா? முப்பது மணி நேர வலி, கடைசியில் ஆபரேஷன். பிள்ளை நலம்தானே, இல்லை. சமீபத்தில் இழப்பு? அவள் அம்மா போய் ஐந்து மாதம். இல்லை. தூக்கமின்மை? யாருக்குத்தான் இல்லை! இல்லை. உதவிக்கு ஆள் பற்றாக்குறையா?

"நான் ஒருத்தன் மூணு ஆளுக்குச் சமம், சிஸ்டர்!"

நர்ஸ் சிரித்துவிட்டுப் போனாள். மூன்று ஆளுக்குச் சமமானவன் மறுநாளே வேலைக்குப் போய்விட்டான்.

பத்து நாள் கழித்து, ஒரு மாலை, வெங்காயம் நறுக்கக் கத்தியைத் தேடினான். இல்லை. கத்தரிக்கோலும் இல்லை.

"நம்ம வீட்டுக்கு வர்ற திருடன்கூட சமையல்காரன்தான் போல!" என்றான் சத்தமாக.

புளித்த பாலின் வாடையும் காயாத குழந்தைத் துணிகளின் ஈரமும் கலந்து கனத்த அந்த வீட்டில், பதினாலாவது மாடியில் ஒரு கயிற்றின் இழை பிரிவதைக் கீழே நின்றே கேட்டுவிடுகிற அவன் காதுக்கு, குளிர்சாதனப் பெட்டியின் முனகலைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

குளியலறையில் வாளிகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பால்கனிக் கதவில் அவளுடைய துப்பட்டா, மூன்று முடிச்சு. தலையணைகள் எல்லாம் அலமாரியின் உச்சியில். யாரோ அவனுக்கு முன்னால் வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு பொருளையும் நின்று பார்த்திருக்கிறார்கள்.



தொட்டில் வாசற்கதவை ஒட்டி இழுத்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தை தூங்கியது. மூச்சு வருகிறதா? வருகிறது.

படுக்கையறை பூட்டியிருந்தது. கதவுக்கு அடியில் இரண்டு பாதங்களின் நிழல்.

"யாரும்மா வந்தா? யாருக்குப் பயந்து இதெல்லாம் ஒளிச்சு வெச்ச? சொல்லு, காலை ஒடிச்சிடறேன்."

சாவி கதவிடுக்கில் நழுவி வெளியே வந்தது.

"உள்ள பூட்டிட்டேன். அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"விளையாடாத. யாருன்னு சொல்லு."

குழந்தை சிணுங்கியது. பிறகு வீறிட்டது. கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது. மேலே ஏறியது. மறுபடி இறங்கியது.

"திறக்காதீங்க," என்றாள் உள்ளிருந்து. கைப்பிடி இப்போது தடதடவென்று ஆடியது. "என்ன கெஞ்சினாலும் திறக்காதீங்க. நான்தாங்க. எனக்கு என்னைப் பார்த்துதான் பயம்."