எதிர் அறையின் தண்ணீர்க் கேன்கள்

எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் அது நம்ம ஆள் படகுதான்... அப்படித்தான் குமுதவல்லி நினைத்தாள்.

"கடைசி வரிசையில வெள்ளை கேட்டமரான். ஏறிப் பாருங்க லா, நான் வந்துர்றேன்" என்று போனில் சொல்லியிருந்தார் புரோக்கர் சசிதரன். போர்டிக்சன் படகுத்துறையின் கடைசி வரிசையில் வெள்ளையாய் இரண்டு நின்றன. ஒன்றின் மூக்கில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்கின. வேறென்ன அடையாளம் வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறிவிட்டாள்.

குமுதவல்லி சிரம்பானில் டயாலிசிஸ் நர்ஸ். பதினான்கு வருஷ வேலை. முப்பத்தாறு வயதில் தூக்கம் என்பதே மறந்துபோன பழக்கமாகிவிட்டது. வேலையை விட எழுதிக் கொடுத்தாயிற்று. மாதக் கடைசிக்குள், புகை கக்காமல் வெயிலில் ஓடும் ஒரு படகை வாங்கி அதிலேயே குடியேற வேண்டும். மெல்ல மெல்ல லங்காவி வரை போக வேண்டும். போகிற வழியெல்லாம் தூங்க வேண்டும்... அண்ணன் யோகேந்திரன் சிரித்தார். சிரிக்கட்டும்.

கூரையில் சோலார் தகடுகளை எண்ணினாள். எட்டு. தண்ணீர் ஊற்றாமல் தேங்காய் நார்த்தூள் போடும் கழிவறை... பரவாயில்லையே! ஒட்டி நின்ற இரண்டு படகுகளை நடுவில் ஒரு கூடம் இணைத்தது போல இருந்தது. இடது பக்க அறையில் கட்டில், மடிக்காத கைலி. வலது பக்க அறையில் கட்டிலே இல்லை. பன்னிரண்டு நீலத் தண்ணீர்க் கேன்கள் வரிசையாக நின்றன. அதையும் நோட்டில் எழுதினாள்.

"மிஸ்... என் கக்கூசு பாஸா, ஃபெயிலா?"

திரும்பினாள். தோளில் துண்டு, கையில் டூத்பிரஷ். நாற்பதை ஒட்டிய ஒருவன்.

"நீங்க... சசிதரனோட ஆளா?"

"நான் யாரோட ஆளும் இல்ல. இது என் வீடு. விக்கிற போட்டு பக்கத்துல நிக்கிது."

ஐயோ! நிலம் இருந்தால் அதில் புதையலாம். சுற்றிலும் தண்ணீர்... முகம் சிவக்க நின்றாள்.

அவன் சிரித்தான். நன்றாகத் தூங்கி எழுந்தவனின் கண்கள். முதல் பார்வையில் அவளுக்குக் காதல் வரவில்லை, பொறாமைதான் வந்தது. அவனோ அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையைப் பார்த்தான். கோப்பி கலக்கப் போனான்.

பெயர் ஹேமநாதன். கோலா சாவா ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவன். கப்பல் எலெக்ட்ரீசியன். கோப்பியைக் குடித்தபடி அவளும் தன் பெயரையும் தனியாக லங்காவி போகும் திட்டத்தையும் சொன்னாள்.

"மழ வந்தா என்ன பண்ணுவீங்க?"

"எஸ்டேட்ல மழ வந்தா பால் வெட்டு கெடையாது. அப்பா அம்மா வீட்லயே இருப்பாங்க. இதுவும் அப்படித்தான். வெயில் இல்லன்னா மோட்டரும் இல்ல, ஃபேனும் இல்ல. சும்மா படுத்துக் கெடக்கணும்."

சும்மா படுத்துக் கிடப்பது... அந்த வார்த்தையே அவளுக்கு இனித்தது.

"அந்த ரூம்ல எதுக்கு அவ்ளோ தண்ணி?"

"என் சாமான் பூரா இந்தப் பக்கம். ஒரு பக்கமே குடியிருந்தா போட்டு சாயும். அதுக்கு ஈடு."

சசிதரன் வருவதற்குள் விற்கிற படகையும் அவன்தான் உடன் வந்து பார்த்தான். பச்சை இலை ஓவியம், பளபளக்கும் சமையல் மேடை... அவளுக்குப் பிடித்துவிட்டது. அவன் தரைப்பலகையைத் தூக்கினான். அடியில், சின்னதாய் ஒரு பேட்டரி மோட்டாருக்குப் பக்கத்தில், இரண்டு டீசல் இன்ஜின். கூரையில் சோலார் தகடு இரண்டே இரண்டு.

"இலை படத்துலதான் இருக்கு. ஒரு நாள் பேட்டரியிலயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் மிஸ்... தனியா கெடக்கறத ஓய்வுன்னு நெனைக்காதீங்க. அதுவும் ஒரு டியூட்டிதான்."

சுருக்கென்றது. அண்ணனின் சிரிப்பு, வார்டில் எல்லோரும் கேட்ட கேள்விகள்... கடைசியில் இவனுமா?

"பொம்பள தனியா சமாளிக்க மாட்டாள்னு நேரா சொல்லுங்களேன்! உங்ககிட்ட யோசன கேக்கல."

விறுவிறுவென்று இறங்கிப் போனாள். அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது. திரும்பவில்லை.

மூன்றாவது வாரம், மத்தியானம், கொட்டுகிற மழையில் அவள் அவன் படகு வாசலில் வந்து நின்றாள். குடை இல்லை. வேலையின் கடைசி நாள் முடிந்து இரண்டு நாளாகியிருந்தது.

"பேட்டரியில ஓட்டிக் காட்டச் சொன்னேன். இருபது நிமிஷத்துல நின்னுருச்சு. வேணாம்னுட்டேன்."

"சசி சொன்னாரு."

"நீங்க சொன்னது சரியா போச்சு. அதான் இன்னும் கோவம்."

"உங்களப் பத்தி நான் சொல்லல, குமுதா" என்றான் மெதுவாக. பெயர் சொல்லிக் கூப்பிட்டதை இருவருமே கவனித்தார்கள். "என்னப் பத்தித்தான் சொன்னேன். ஆறு வருஷமா தனியா ஓட்டிக் களச்சுப் போயிட்டேன். அன்னிக்கு நீங்க நோட்டும் கையுமா என் வீட்ட சோதிச்சீங்களே... அப்பவே பிடிச்சுப் போச்சு. போன் நம்பர்கூட வாங்காம விட்டேன், மடையன்."

அவன் நீட்டிய துண்டால் தலையைத் துவட்டியபடி அவள் கூடத்துக்குள் போனாள். உட்கார்ந்தாள். மழை... கூரையில் ஒரே சீரான மழை. ஃபேன் இல்லை, விளக்கு இல்லை, யாருடைய மெஷினும் அலறவில்லை. அப்படியே சாய்ந்து, பதினான்கு வருஷத் தூக்கத்தில் கொஞ்சத்தைத் தூங்கினாள்.

விழித்தபோது வெயில். மேலே துவைத்த கைலி போர்த்தியிருந்தது. எதிரில், எழுப்பாமல், அசையாமல் அவன்... மூன்று மணி நேரமாக.

"கால் மரத்துப் போச்சா?"

"ஆமா."

"நடந்தா செட்டாயிரும், நர்ஸ் சொல்றேன்." கைலியை மடித்தாள். "எனக்கும் உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம வந்து அண்ணன்கிட்ட பேசுங்க. நம்ம கண்ணாலம் எப்பன்னு அவரு சொல்லட்டும். அதுக்கப்புறம்..."

"அப்புறம்?"

அவள் வலது பக்க அறையைப் பார்த்தாள்.

"அந்தத் தண்ணிக் கேனையெல்லாம் எறக்கிருங்க."