கீறல் பரிசோதகர் மாசிலாமணியின் கண்கள்

காலையில் வேலைக்குப் புறப்படும்போது மாசிலாமணி முதலில் இரும்பை உடுத்திக்கொள்வார். சட்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

செவ்வாய்க் கோளில், கூடாரநகர் என்ற அந்தக் குடியேற்றத்தில், இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. அங்கே மனிதனுக்குப் பூமியில் இருந்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வெறும் சட்டையோடு சைக்கிளில் ஏறி ஒரு மேட்டில் வேகமாக விட்டால் சைக்கிள் ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாகப் பறந்து, யார் வீட்டுத் தக்காளிப் பந்தலிலாவது போய் இறங்க வேண்டியதுதான். ஆகவே இரும்புக் குண்டுகள் வைத்துத் தைத்த எடையங்கி. அதன்மேல் தூசு ஒட்டாத வழவழப்பான மேற்சட்டை. சங்கிலியில் சிக்காதபடி கணுக்காலைக் கவ்விப் பிடிக்கும் காற்சட்டை. மூக்குக்கு வடிதுணி. கடைசியாகக் கண்ணுக்கு விழிக்கவசம்.

அங்கே சைக்கிள் மிதிப்பது ஆசைக்காக அல்ல. எடை குறைந்த ஊரில் எலும்பு கரையும் என்பதால், காலுள்ள எவரும் வேலைக்கு மிதித்துத்தான் போக வேண்டும் என்று நிர்வாகம் சட்டம் போட்டிருந்தது. தலைக்கு மேலே வானம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் கூடாரம். அந்தக் கண்ணாடியைச் செய்ய ஓயாமல் பாறையை அரைத்தார்கள். அரைத்த தூசைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய்ச் சேர்க்க, காற்றைச் சுழற்றும் ராட்சத விசிறிகள் இருந்தன. பூமியின் தூசு மழையிலும் ஆற்றிலும் உருண்டு மழுங்கிய தூசு. இதுவோ அப்போதுதான் உடைந்த கண்ணாடிச் சில்லு.

விழிக்கவசம் இல்லாமல் யாரும் தெருவாயிலைக் கடக்கக் கூடாது என்றும் ஒரு சட்டம் உண்டு. வாயிலில் நின்ற சோதனை இயந்திரம் கவசம் வருகிறதா என்று மட்டும் பார்த்தது. அது ஆளின் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்க அதற்குச் சொல்லித்தரவில்லை. எனவே பாதி ஊர் கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போயிற்று. செவ்வாயிலேயே மிகவும் பாதுகாப்பாக இருந்தவை சைக்கிள் கைப்பிடிகள்தாம்.

மாசிலாமணி கண்ணாடி ஆலையில் கீறல் பரிசோதகர். கூடாரத்தில் பொருத்தப் போகும் ஒவ்வொரு பலகையையும் விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்து, மயிரிழை அளவு கீறல் இருந்தாலும் தள்ளிவிட வேண்டும். கீறலுள்ள பலகை ஒருநாள் வெடிக்கும். வெடித்தால் ஊரின் காற்று வெளியே போய்விடும், கூடவே ஊரும் போய்விடும். முதலில் இந்த வேலைக்கு இயந்திரக் கண்களைத்தான் வைத்தார்கள். தூசு பட்டு அவற்றின் வில்லைகள் அடிக்கடி பழுதாயின. மனிதக் கண் தன்னைத்தானே கண்ணீரால் கழுவிக்கொள்கிறது, அதற்குத் தனியாகச் சம்பளமும் கேட்பதில்லை என்பதைக் கண்டுகொண்ட நிர்வாகம், கிடைத்ததிலேயே நவீனமான கருவியாக மாசிலாமணியைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தது. நாற்காலியோடு சன்னல் வைத்த வீடும் வந்தது. ஆண்டுக்கொரு பார்வைச் சோதனை. தோற்றால் நாற்காலியும் சன்னலும் போய்விடும். பிறகு நிலத்துக்கடியில் உரக்கிடங்கில் இறங்கிக் கழிவைக் கிளற வேண்டும்.

அந்த ஆண்டுச் சோதனைக்கு இன்னும் பல மாதங்கள் இருக்கும்போதே அவர் மனைவி செண்பகவல்லி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். "கண்ணை வெச்சுத்தான் சோறு. பழசைத் தூக்கிப் போட்டுட்டு நல்ல கவசமா ஒண்ணு வாங்குங்க."

கடையில் விற்பனைக்கு ஆள் இல்லை, ஒரு விலைபேசிதான் நின்றது. ஒரே விலை எழுதி ஒட்டிய கடைகளைக் கூடாரநகர்வாசிகள் எட்டிக்கூடப் பார்க்காததால், பேரம் பேசுவதற்கென்றே செய்த இயந்திரம் அது. பெருமூச்சு விடுவதற்கு அதற்குள் தனியாக ஒரு துருத்தி வைத்திருந்தார்கள்.

"படிகத்துல இழைச்சது அண்ணாச்சி. மாட்டினா மாட்டினதே தெரியாது," என்று விலையைச் சொன்னது.

"பாதியாப் போட்டுக் குடு."

துருத்தி நீளமாக ஒருமுறை இறங்கியது. "பாதிக்குக் குடுத்தா என் மின்கலத்தை வித்துத்தான் கம்பெனிக்குக் கட்டணும். நானும் பொழைக்கணும்ல?"

"உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?"

"நாலு தராசு என்னை நம்பி இருக்கு அண்ணாச்சி."

மாசிலாமணி முகத்தைச் சுளித்துக்கொண்டு சைக்கிளை நோக்கித் திரும்பினார். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிடும் என்று அவருக்குத் தெரியும். கூப்பிடுவதற்கு வசதியாகத்தான் விலையை ஏற்றிச் சொன்னோம் என்று அதற்கும் தெரியும். கூப்பிட்டது, போனார், ஒருவரையொருவர் ஏமாற்றிவிட்ட திருப்தியோடு வியாபாரம் படிந்தது.

பெட்டியைக் கொடுக்கும்போது விலைபேசி உத்தரவாதத்தை ஒப்பித்தது. "உடைஞ்சா மாத்தித் தருவோம். கறுத்தா மாத்தித் தருவோம். கீறல் விழுந்தா மட்டும் எங்க பொறுப்பில்ல."

"தூசி பட்டா கீறல் விழுமோ?"

"தூசி பட்டா எதுலதான் விழாது அண்ணாச்சி?"

இந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. ஆயுள் முழுக்கக் கீறலைத் தேடியே சம்பளம் வாங்கிய மனிதர் அல்லவா? மறுநாள் காலை எடையங்கி, மேற்சட்டை, வடிதுணி எல்லாம் ஒழுங்காக அணிந்தார். விழிக்கவசத்தைப் பஞ்சு வைத்த பெட்டியில் படுக்கவைத்து, பெட்டியை ஒரு துண்டில் சுற்றி, கேரியரில் இறுக்கிக் கட்டினார். பிறகு கண்களை இடுக்கிக்கொண்டு மிதித்தார்.

வாசலில் செண்பகவல்லி வழிமறித்தாள். "ஏங்க, அது கண்ணுக்கு வாங்கினதா, கேரியருக்கு வாங்கினதா?"

"தூசி அடிக்குது செண்பகம். இந்நேரத்துல மாட்டினா அது என்னத்துக்கு ஆகும்?"

"தூசிக்குத்தானே வாங்கினீங்க!"

"வாங்கினது தூசிக்குத்தான். அதுக்காக அதைக் கொண்டுபோய்த் தூசியில நீட்டணுமா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு தன் சைக்கிளை எடுத்தாள். அவள் முகத்தில் இருந்தது பழைய தண்ணீர்க் கேனை வெட்டி ரப்பர் நாடா கோத்த கவசம். கீறி வெளுத்துப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு துண்டு வெட்டிக்கொள்வாள். பரிசோதகரின் மனைவி கேனை மாட்டிக்கொண்டு போகிறாளே என்று மாசிலாமணிக்கு அதில் ஏக வருத்தம்.

ஆலைக்குள் சோதனை அறைக்கு இரட்டைக் கதவு. ஒரு துகள் தூசு நுழையாது. அங்கே போய் உட்கார்ந்ததும் பெட்டியைப் பிரித்து, கவசத்தை எடுத்து, மெல்லிய துணியால் துடைத்து மாட்டிக்கொண்டார். பக்கத்து நாற்காலிக்காரன் இருதயராஜ் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணே, ரோட்டுல கழட்டிட்டு ரூமுக்குள்ள மாட்டுறீங்களே?"

"இங்கதானேப்பா தூசி இல்ல."

"கண்ணு போயிடாதா அண்ணே?"

"கண்ணு போனா ஆலையோட மருத்துவத் திட்டத்துல சும்மா மாத்தித் தர்றான். கவசம் போனா உங்க அப்பாவா தருவாரு?"

கணக்கில் தவறு இல்லை. உலகத்துப் பைத்தியக்காரத்தனங்களில் பெரும்பாலானவை கணக்கில் மிகச் சுத்தமாகத்தான் இருக்கின்றன.

சில வாரங்களில் ஆலையின் கண்ணாடித் தரம் கெட ஆரம்பித்தது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். மாசிலாமணி முன்பெல்லாம் அபூர்வமாகத் தள்ளுபவர். இப்போது எடுத்த பலகையிலெல்லாம் கீறல் கண்டார். குறுக்கே ஒன்று, நெடுக்கே இரண்டு, மூலையில் சிலந்திவலை மாதிரி ஒரு கூட்டம். மேலாளர் ரூபவதி அம்மையார் ஊழியர்களைக் கூட்டிவைத்து அவரைச் சுட்டிக்காட்டினார்.

"கண்ணுன்னா அது கண்ணு! நீங்களும்தான் முகத்துல ரெண்டு வெச்சிருக்கீங்க, எதுக்கு?"

அதற்குப் பிறகு மற்ற பரிசோதகர்களுக்கும் கீறல்கள் தெரியத் தொடங்கின. தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. இருதயராஜ் தன் பங்குக்கு ஒருநாள், இன்னும் விழாத கீறல் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதிவைத்தான். தள்ளிய பலகைகள் முற்றத்தில் மலையாகக் குவிந்தன. கூடாரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஒரு பழைய பலகை விரிசல்விட்டு, மாற்றிப் போட ஒரு பலகைகூட இல்லை என்று தெரிந்த அன்றுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டு, தள்ளிய கண்ணாடிகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தது. ஒன்றிலும் ஒரு கீறலும் இல்லை.

மாசிலாமணியைக் கண் மருத்துவர் ஃபரீதாவிடம் அனுப்பினார்கள். அவர் கருவியில் கண்ணைப் பொருத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பலகையில ஒண்ணும் இல்ல சார். கீறல் எல்லாம் உங்க கண்ணுலதான் இருக்கு. ஏர் பூட்டி உழுத மாதிரி இருக்கு. விழிக்கவசம் போடறதே கிடையாதா?"

மாசிலாமணிக்கு ரோஷம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து கவசத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். "வாங்கி எத்தனை மாசமாச்சு தெரியுமா டாக்டர்? இதுல ஒரே ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

மருத்துவர் காட்டவில்லை. புதுக் கண்களுக்கு எழுதிக் கொடுத்தார்.

திட்டம் சொன்னபடி செய்தது. பழைய கண்களை எடுத்துவிட்டு ஒரு சோடி செயற்கை விழிகளைப் பொருத்தினார்கள். ஈ உட்கார்ந்தால் அதன் காலிலுள்ள மயிரை எண்ணலாம், அப்படிப்பட்ட விழிகள். ஒருவருக்கு ஆயுளில் ஒரு தடவைதான் தருவார்கள் என்பது மட்டும் நிபந்தனை. கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்ததும் ஃபரீதா சின்ன இடுக்கியை எடுத்தார்.

"கொஞ்சம் மங்கலா இருக்கும். பயப்படாதீங்க. வர்ற வழியில கெடாம இருக்க விழி மேல ஒரு மென்தாள் ஒட்டி அனுப்புவாங்க. உரிச்சிட்டா பளிச்சுன்னு தெரியும்."

மாசிலாமணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருக்கட்டும் டாக்டர்."

"எது?"

"கவரு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அதை உரிக்காம எப்படி சார் பாப்பீங்க?"

"பழகிரும்."

பழகித்தான் போயிற்று. வெந்நீர் கொதிக்கும் குளியலறைக்குள் நின்று உலகத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. செண்பகவல்லி குரலுள்ள வெள்ளைத் திட்டாக வீட்டில் நடமாடினாள். பார்வையின் கீழ்ப்பக்கம் 'பயன்படுத்துமுன் உரிக்கவும்' என்ற வாசகம் இடவலம் மாறி எந்நேரமும் மிதந்துகொண்டிருந்தது. அதை அவர் தயாரிப்பாளரின் பெயர் என்று எல்லோரிடமும் சொன்னார். ஆலையில் எல்லாப் பலகைகளும் ஒன்றுபோலப் பனிமூட்டமாகத் தெரிந்ததால் எல்லாவற்றையும் தேறியதாக முத்திரையிட்டார். இரண்டாக உடைந்த ஒரு பலகையைக்கூட, இரண்டு நல்ல பலகைகள் என்று எழுதினார்.

சோதனை நாள் வந்தது. ரூபவதி அம்மையார், ஃபரீதா, துணைக்கு வந்த செண்பகவல்லி மூவரும் சுற்றி நின்றார்கள். மாசிலாமணிக்குச் சுவரில் எழுத்து அட்டையே தெரியவில்லை. சுவர் தெரிந்ததே பெரிய காரியம்.

"ஒரு நொடி வேலை சார்," என்று ஃபரீதா இடுக்கியை நீட்டினார். "உரிச்சிட்டா கடைசி வரி வரைக்கும் படிச்சிருவீங்க."

"உரிச்சிட்டு உட்காருங்க, நாற்காலி உங்களுது," என்றார் ரூபவதி. "இல்லன்னா இன்னைக்கே உரக்கிடங்கு. நடுவுல பேரம் எல்லாம் கிடையாது."

மாசிலாமணி யோசித்தார். உரித்தால் நாற்காலி நிற்கும். நாற்காலி நின்றால் நாளையும் சைக்கிள், நாளையும் தூசு. நாற்காலியைக் காப்பாற்றக் கண்ணைப் புழங்க வேண்டும், புழங்கிய கண் பழசாகிவிடும். படிகக் கவசம் இருக்கிறதே என்று வேறொருவனுக்குத் தோன்றியிருக்கும். அவருக்குத் தோன்றவில்லை. அதையும் காப்பாற்ற வேண்டியிருந்ததே.

"கிடங்குல தூசி உண்டா மேடம்?"

"ஈரக் கழிவுல தூசி எங்க இருந்து வரும்?"

"வெளிச்சம்?"

"பேருக்கு ஒரு விளக்கு."

"சைக்கிள்ல போகணுமோ?"

"மண்வெட்டி போடுறவனுக்கு எதுக்குய்யா சைக்கிள்? எலும்பு தானா இறுகிரும். ஏணியில இறங்கணும், அவ்வளவுதான்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அதுவே சௌகரியமா இருக்கு."

செண்பகவல்லி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மனுஷா! இந்த வேலையைக் காப்பாத்தத்தானே புதுக் கண்ணு வெச்சோம்?"

"வேலை இன்னொண்ணு கிடைக்கும் செண்பகம். கண்ணுக்கு நான் எங்க போவேன்?"

சன்னல் வைத்த வீட்டை அன்று மாலையே இருதயராஜுக்குக் கொடுத்துவிட்டார்கள். மாசிலாமணி ஏணியில் தடவித் தடவி இறங்கினார். கிடங்கின் இருட்டும் நாற்றமும் அவருக்கு ஒரு பொருட்டாகப் படவில்லை. இடைவேளையில் உடன் வேலை செய்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்ததும், அங்கிருந்த ஒற்றை விளக்குக்கு நேரே முகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"உத்துப் பாருங்க. கம்பெனி கவரு இன்னும் பிரிக்கல. நாளைக்கே வித்தாலும் புது விலைக்குப் போகும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கிடங்கின் மேற்பார்வையாளர் பூமியிலிருந்து கடைசியாக வந்த கப்பலில்தான் இறங்கியவர். ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த நாற்காலியில் அவர் முன்னால் சாய்ந்து, அந்தக் கண்களை நெடுநேரம் பார்த்தார். நாற்காலியின் இன்னும் பிரிக்காத பாலிதீன் உறை சரசரவென்று சத்தம் போட்டது.

"பொருள்னா இப்படித்தான்யா வெச்சிக்கணும்," என்றார் அவர், மற்றவர்களைப் பார்த்து.