மாற்றிவிட வந்தவள்

நாற்காலி சூடாக இருந்தது.

பாதி உட்கார்ந்த நர்ஸ் எழுந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். யாரோ நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் எழுந்து போன மாதிரிச் சூடு. அவள் முகம் கழுவிவிட்டு வரும்வரை நோயாளியைப் பார்த்துக்கொள்ளும்படி, அவரைக் கூட்டிவந்த பஸ் கண்டக்டரிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களா உக்காந்திருந்தீங்க?"

"இல்லம்மா, நின்னுக்கிட்டேதான் இருந்தேன். பஸ்லயே உக்காராதவன், இங்கயா உக்காரப் போறேன்?"

டிப்போவுக்குப் போய்த் தகவல் சொல்ல வேண்டும் என்று, கட்டிலில் இருந்தவரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவர் கிளம்பிப் போனார்.

கட்டிலில் இருந்தவர் பஸ் டிரைவர். அன்று மத்தியானம் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை ஓரங்கட்டி, எல்லோரையும் இறக்கிவிட்டு, படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று சொன்னவரைக் கண்டக்டர்தான் கைத்தாங்கலாக அவசரப் பிரிவுக்குக் கூட்டிவந்தார். மாதக்கணக்காகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. மனச்சோர்வு முற்றிப்போயிருக்கிறது, மனநல வார்டில் இடம் கிடைக்கும்வரை ஒரு நொடிகூடத் தனியாக விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கென்றே உள்ள அறை அது. ஜன்னல் திறக்காது. திரைச்சீலை இல்லை, சுவரில் ஓர் ஆணி இல்லை. ஒரு கட்டில், அதற்கு எதிரே கதவை மறித்தாற்போல ஒரு நாற்காலி. நாற்காலியில் இருப்பவர் கண்ணை எடுக்கக்கூடாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் மூட்டை தூக்குகிறவனுக்காவது இறக்கிவைக்க ஓர் இடம் உண்டு.

அவள் காலை ஷிப்டுக்கு வந்தவள். அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை என்று அப்படியே உட்காரவைத்துவிட்டார்கள். கால்கள் யாருடையவோ போல மரத்திருந்தன. கண்ணுக்குள் மணல்.

"அண்ணா, நேராவே கேக்கறேன். இப்ப சாகணும்னு தோணுதா?"

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க நாக்கு எழாது. கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வந்துவிடாது, கேட்டால்தான் மனம் திறக்கும் என்பது அவளுக்குப் பழகிய பாடம்.

"தோணுது," என்றார் டிரைவர். "ஆனா கொஞ்சம் முன்னாடி அந்தம்மா உக்காந்திருந்தப்போ ஒண்ணுமே தோணல. அப்படி ஒரு நிம்மதி. அதுதான் பயமா இருக்கு."

"எந்தம்மா?"

"நீங்க போனதும் வந்து உக்காந்தாங்களே."

வராந்தாவில் மருந்துத் தட்டோடு போன சீனியர் நர்ஸை, திரும்பிப் பார்க்காமலே கூப்பிட்டாள்.

"அக்கா, நடுவுல யாரையாவது இங்க அனுப்பினீங்களா?"

"ஆளு இருந்தா உன்னை ஏன்டி இப்படி வதைக்கறேன்? பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. கையில இருக்கறதை முடிச்சிட்டு நானே வர்றேன்."

வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் மஞ்சளாகி, பழுப்பாகி, சுவரின் வெள்ளையை மெல்ல மெல்லத் தின்றுகொண்டு இறங்கியது. எங்கோ ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரம் கீச்சிட்டது. யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை அழுது அடங்கியது. அந்தச் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகத் தூரப் போய், கடைசியில் தலைக்கு மேலிருந்த குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும் தாலாட்டு மாதிரி மிஞ்சியது. டிரைவரின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது. இறங்கியது.

பிறகு செருப்புச் சத்தம். தேய்ந்த செருப்பைத் தரையோடு இழுத்து நடக்கிற சத்தம். வராந்தாவில் வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது.

வெயில் படாமல் மூடிய அறைக்குள் காய்ந்த துணியின் வாடை அடித்தது.

"எழுந்திரும்மா," என்றது ஒரு பெண்குரல், காதோரமாக. "எவ்வளவு நேரம்தான் நீயே பார்ப்பே? போ. நான் பார்த்துக்கறேன்."

கண்ணில் நீர் முட்டியது. அன்று காலையிலிருந்து, ஏன், எத்தனையோ வருடமாக, யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிய சொல். கைகள் தாமாக நாற்காலிப் பிடியில் ஊன்றின. முழங்கால் நிமிர்ந்தது.

"தங்கச்சி! எழுந்துக்காதம்மா!"

டிரைவர் கட்டிலிலிருந்து பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சில்லிட்ட கை. "திரும்பாதே. என்னையே பாரு."

அவள் உட்கார்ந்தாள். பிடரி மயிர் குத்திட்டு நின்றது.

"வண்டியிலயும் இப்படித்தான்," என்றார், குரலைத் தாழ்த்தி. "கண்ணு சொக்கற நேரம் பார்த்து வரும். 'நீ தூங்கு, வண்டிய நான் பார்த்துக்கறேன்'னு சொல்லும். பெத்தவ மாதிரி பேசும். இன்னிக்கு ஒரு வளைவுல நான் கண்ணை மூடிட்டேன். தொறந்து பார்த்தா வண்டி எதிர்ப்பக்கத்துல போகுது. பின்னாடி பஸ் நிறைய பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"வண்டியில எப்படிப் பார்ப்பேன்? ரோட்டைப் பார்க்கணுமே. இங்கயும் நிமிர்ந்து பார்க்கத் துணியல."

அவர் கையை அவளும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "பேசுங்கண்ணா. ஏதாவது பேசிக்கிட்டே இருங்க."

பேசினார். மகள் கணக்கில் புலி, சமையலில் பூனை என்றார். மனைவி கோபம் வந்தால் பாத்திரத்தோடுதான் சண்டை போடுவாள் என்றார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் மூச்சு கேட்டது. பொறுமையான மூச்சு. சிரித்தாள். திரும்பவில்லை.

சீனியர் நர்ஸ் ஆட்களோடு வந்து நின்றபோது அவளால் சட்டென்று எழ முடியவில்லை. மேல்மாடி வார்டில் இடம் கிடைத்துவிட்டது. டிரைவரின் மனைவியும் வந்துவிட்டாள். வந்ததும் அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்கு மேல வந்து பார்க்கறேண்ணா."

"எனக்கு லேசாயிடுச்சு தங்கச்சி. அது என் பக்கத்துல இல்ல." சொன்னவர் சந்தோஷப்படவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "நீ வீட்டுக்குத் தனியாவா போறே? யாரையாவது வரச் சொல்லேன்."

"பக்கத்துலதான் வீடு," என்றாள்.

உடை மாற்றும் அறையில் யாரும் இல்லை. சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. ஒரு நிமிடம் முதுகைச் சாய்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று படுத்தாள். உடம்பு பலகையில் கரைந்தது.

கண்ணை மூடினாள்.

தரையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம். மெதுவாக. பெஞ்சை ஒட்டி நின்றது.

துணி வாடை.

ஒரு கை வந்து அவள் நெற்றியில் அமர்ந்தது. இதமான சூடு. விரல்கள் முடியைக் கோதின. நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிப் போயிற்று. வீடு. வேலை. நாளை. எதுவும் வேண்டியதில்லை. அப்படி ஒரு நிம்மதி.

அந்த நிம்மதிதான் அவளை உலுக்கியது. இமைகளைப் பிய்த்துத் திறந்தாள்.

அவளைப் போலவே சீருடை. அவள் மேல் குனிந்த முகம். அன்பான வாய்.

அதற்கு மேலே, நெற்றி வரைக்கும், வழவழவென்று வெறும் தோல்.

"தூங்கும்மா," என்றது அந்த வாய். "நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."