பொட்டு வைத்த டயல் கேஜ்

"அம்மணி! அதைத் தொடாதீங்க!"

புவனா திடுக்கிட்டாள். அதற்குள் விரல் பட்டுவிட்டது...

கல்யாண மண்டபத்தின் பலத்தைச் சோதிக்க மாடியில் மணல் மூட்டைகள். அந்தப் பாரத்தில் கீழே பீம் எவ்வளவு வளைகிறது என்று காட்டும் டயல் கேஜ். நேற்று சோதனை தொடங்கும்போது போட்ட பூஜையில் அதை மட்டும் விட்டுவிட்டோமே என்று சந்தனப் பொட்டு வைக்க வந்தவள் அவள்.

இன்ஜினியர் கௌதமன் ஓடி வந்தான். "கேஜ் நகர்ந்துபோச்சுங்க. ஒரு நாள் வேலை போச்சு. மூட்டையெல்லாம் எறக்கிப்போட்டு மறுபடி ஏத்தணும்!"

"அப்போ... இன்னும் ரெண்டு, மூணு நாள் இங்கதான் இருப்பீங்களா?"

கேட்டபின்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெளியே போத்தனூர் முழுக்க மழை. அவன் கண்களில் கோபம் கரைந்து சிரிப்பு எட்டிப் பார்த்தது.

மறுபடி ஏற்றினார்கள். ஒரு நாள் கழித்து இறக்கினார்கள். இன்னொரு நாள் காத்திருந்து கௌதமன் அளவெடுத்து வாசலுக்கு வந்தபோது புவனாவின் அப்பா செங்கோடனும் வந்து நின்றார்.

"மூட்டையை எறக்குனா, வளைஞ்சதுல முக்கால் பங்காவது நிமிரணுமுங்க. அறுபது சதவீதம்தான் நிமிர்ந்திருக்குது. உள்ளே சேதமுங்க. சரி பண்ணாம இங்க கல்யாணம் நடத்தக்கூடாதுங்க."

"எங்கப்பா கட்டுன மண்டபம் தம்பி! ஆவணி முழுக்க முகூர்த்தம். எழுபத்தஞ்சுன்னு எழுதிப்போடுங்க."

"எழுதமாட்டேனுங்க."

செங்கோடன் முகம் சிவந்தது. புவனா நேராகப் போய் மண்டபத்தைப் பூட்டினாள். சாவியை அப்பாவிடம் நீட்டினாள்.

"வாசல்ல தாத்தா பேரு இருக்குதுங்கப்பா. அது யாரு தலைமேலயும் விழக்கூடாது."

நெடுநேரம் அந்தப் பெயரையே பார்த்தார் செங்கோடன். பிறகு நிமிர்ந்து நின்றார்.

"உள்ளதையே எழுதுங்க தம்பி. முகூர்த்தக்காரங்ககிட்ட நானே பேசிக்கறேன்... சாப்பிட்டுத்தான் போகோணும்."

சாப்பிட்டுக் கிளம்பியவனுக்குக் குடை கொடுக்க வந்தாள் புவனா.

"பீமைச் சரி பண்ணினதும் மறுபடி டெஸ்டுங்களா?"

"ஆமாங்க. நானேதான் வருவேன்." ஒரு கணம் தயங்கினான். "அதுக்கப்புறம் நடக்கற மொதக் கல்யாணம்... நம்முதா இருக்கட்டுங்களா?"

அவள் கன்னம் சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

"பீம் தாங்குமுங்களா?"

"நான் கையெழுத்துப் போட்டாத் தாங்குமுங்க."

"எங்கப்பாகிட்ட வந்து முறையாக் கேளுங்க."

"உங்களுக்கு?"

குடையை அவன் கையில் திணித்துவிட்டு மழைக்குள் ஓடியவள், நின்று திரும்பினாள்.

"நீங்க கத்துன அன்னிக்கே சம்மதமுங்க...!"