காசிலிங்கத்தின் சிக்கன மெஷின்

ஃபோன் அலறியது.

யுவராணி ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள். இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் குத்தியது. திரையில் வைஜெயந்தியின் பெயர். காலை வகுப்புக்கு அவள் போய்க்கொண்டிருந்ததே அங்கேதான்.

"வந்துட்டே இருக்கேங்க்கா. பாயை விரிச்சு வைங்க."

"பாய் வேணாம்." வைஜெயந்தியின் குரல் தட்டையாக வந்தது. "அவரு செத்துட்டாரு."

"எவருக்கா?"

"எம் புருஷன்தான்."

"எப்படி..."

"மெஷின்ல. ஸ்பிரிங் அறுந்து நெத்திப்பொட்டுல அடிச்சிடுச்சாம். நான் வந்தவங்களுக்குக் காபி போட்டுட்டு இருந்தேன்."

யுவராணி ஸ்கூட்டரை விட்டு இறங்கினாள். காசிலிங்கம் உடற்பயிற்சி செய்து செத்தார் என்பது, மீன் நீச்சல் தெரியாமல் செத்தது என்பதைவிட நம்பமுடியாத செய்தி. செருப்பு மாட்டக்கூடக் குனியாத மனுஷர்!

"அவரு எதுக்குக்கா மெஷின்ல ஏறுனாரு?"

"தெரியல. போலீஸ் வந்திருக்காங்க. எங்க கொழுந்தன் விஜயகுமாரு உன் பேரைத்தான் சொல்லிட்டு இருக்கான். நீதான் அந்த மெஷினைத் தலையில கட்டுனேன்னு. உன்னை அரெஸ்ட் பண்ணணுமாம்."

தலையில் கட்டியது யார்?

அந்தக் கதை இது.

காசிலிங்கம், மரக்காணம் உப்பு வியாபாரி. ஃபிளெக்ஸ் போர்டுகளில் 'உப்பு வேந்தர்'. போர்டை அச்சடிக்கக் காசு கொடுத்ததும் அவர்தான் என்பது அச்சடித்தவனுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்... அதாவது ஊருக்கே தெரியும்.

மனைவிக்கு முதுகுவலி. டாக்டர் பிலேட்ஸ் என்ற உடற்பயிற்சியைச் செய்யச் சொன்னார். புதுச்சேரியில் முறையாகப் படித்து, வீடு வீடாகப் போய்ச் சொல்லித்தரும் யுவராணியைக் கூப்பிட்டார்கள். அவள் வாங்க வேண்டியதைச் சொன்னாள்.

"கனமான பாய் ஒண்ணு. ரப்பர் பேண்ட், ஒரு வளையம், ஒரு சின்ன பந்து. வீட்டுக்கு இது போதும் சார். பாயில மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. யோகா பாய் மெல்லிசு. முதுகெலும்பு தரையில இடிக்கும்."

"பாயா?" காசிலிங்கத்தின் மீசை வருத்தப்பட்டது. "ஏம்மா, வீட்டுக்கு நாலு பெரிய மனுஷன் வர்றான். அவனுக்குப் பாயை விரிச்சா காட்டுறது?"

"மெஷின்தான் வேணும்னா, பிலேட்ஸ் ஸ்டுடியோவுல பழசை மாத்தும்போது நல்ல கம்பெனி மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கும் சார்."

"காசிலிங்கம் வீட்டுக்கு செகண்ட் ஹேண்டா?"

ஆக, மெஷின் பெரிதாக இருக்க வேண்டும். புதிதாக இருக்க வேண்டும். விலை மட்டும் பாய் விலையில் இருக்க வேண்டும். இப்படி ஒரு பொருளை இன்டர்நெட்டைத் தவிர வேறு எந்தக் கடைக்காரனும் விற்க மாட்டான்.

வந்து இறங்கியது. கட்டில் போல ஒன்று. தலைமாட்டில் உயரமான இரும்புச் சட்டம். அதில் தொங்கும் நாலு ஸ்பிரிங். படுத்துக்கொண்டு அவற்றைக் கையால் இழுக்க வேண்டும். திருகாணிகள் பொட்டலத்திலேயே பாதி கழன்றிருந்தன.

"திருப்பி அனுப்பிடுங்க சார்," என்றாள் யுவராணி.

காசிலிங்கம் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார்.

* * *

மாடி அறையில் இன்ஸ்பெக்டர் லூர்துமேரி கைகட்டி நின்றிருந்தாள். உடலை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போயிருந்தது. போகும்முன் உடலிலிருந்து எடுத்த சாமான்கள் மேஜைமேல் கிடந்தன. மோதிரம், மைனர் செயின், அரைஞாண் கயிற்றோடு ஒரு சாவி.

"இவதான் மேடம்." விஜயகுமார் விரலை நீட்டினான். அண்ணன் செத்த வீட்டிலும் சட்டைக் கஞ்சி கலையாத தம்பி. "இவதான் அண்ணனை ஏமாத்தி இந்தக் குப்பையை வாங்க வச்சது. கமிஷன் அடிச்சிருப்பா."

"நான் பாய் வாங்கச் சொன்னேன் மேடம்."

"சாட்சி இருக்குதா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"சாரைத்தான் கேக்கணும்."

"அது கொஞ்சம் கஷ்டம்." லூர்துமேரி பெருமூச்சு விட்டாள். "ஏம்மா, நீ ட்ரெய்னர். உன் கண்ணு முன்னால மட்டமான மெஷின் இருந்திருக்கு. அதுலயே க்ளாஸ் எடுத்திருக்க. ஆளு செத்துட்டாரு. கவனக்குறைவால மரணம்னு எழுதுனா, உள்ள போறது நீதான். உப்பு வியாபாரிங்க சங்கத்துல இருந்து இப்பவே ஃபோன் மேல ஃபோன். மதியத்துக்குள்ள யாரையாவது பிடிச்சாகணுமாம்."

யுவராணிக்கு அர்த்தம் புரிந்தது. ஜெயில். அப்புறம் யார் அவளைக் கூப்பிட்டுப் பாய் விரிப்பார்கள்?

"மேடம், ஒரு தடவை மெஷினைப் பார்த்துக்கவா?"

"தொடாம பாரு."

பார்த்தாள்.

மூன்று ஸ்பிரிங் சட்டத்தில் தொங்கின. நாலாவது அறுந்து தரையில். நாலும் கொக்கியிலிருந்து கொக்கிவரை கன்னங்கரேலென்று பளபளத்தன.

"இதுக்கு கிரீஸ் தடவுனது யாரு?"

விஜயகுமார் சிரித்தேவிட்டான். "இதெல்லாம் ஒரு கேள்வியா? கடல்காத்துல இரும்பு நிக்குமா? இந்த ஊர்ல இரும்பு வாங்குனா கிரீஸ் தடவாம எவன் வைப்பான்?"

உண்மைதான். மரக்காணத்தில் உப்புக்காற்று சைக்கிளைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும். உப்புத்தண்ணி இறைக்கும் இன்ஜினுக்கு வாங்கின கிரீஸில் ஒரு விரல் எடுத்து எதன்மேலும் பூசிவிடுவது இங்கே கை தானாகச் செய்யும் காரியம்.

"என் ஜீப் கதவுக்கே தடவுறோம்மா," என்றாள் லூர்துமேரி. "அதுக்கென்ன?"

"நேத்து க்ளாஸ் முடிச்சுட்டுப் போகும்போது இது இல்ல மேடம். இழுக்கிற ஸ்பிரிங்குக்கு கிரீஸ் போட்டா கை வழுக்கும். தொடவே கூடாதுன்னு முதல் நாளே சொல்லியிருக்கேன்." அவள் தரையில் மண்டியிட்டாள். "மேடம்... இந்த அறுந்த முனையைப் பாருங்க."

லூர்துமேரி குனிந்தாள். செல்ஃபோன் வெளிச்சத்தை அடித்தாள்.

கம்பியின் வெட்டுவாயில் பாதி, புதுக்காசுபோல் வெள்ளையாக மின்னியது.

மறு பாதி கறுப்பு. கிரீஸ் உள்ளே வரை ஏறியிருந்தது!

லூர்துமேரி வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"தானா அறுந்திருந்தா முழுசும் வெள்ளையா இருக்கணும்," என்றாள் யுவராணி மெதுவாக. "பாதியை யாரோ முன்னாடியே அறுத்திருக்காங்க. அறுத்துட்டு, மேல கிரீஸ் தடவியிருக்காங்க."

"கொலை." இன்ஸ்பெக்டரின் குரலில் சோம்பல் போயிருந்தது. "நேத்து க்ளாஸ் முடிஞ்சப்புறம் வீட்ல யாரு யாரு?"

"நான் இல்லீங்க." விஜயகுமார் அவசரமாகப் பின்வாங்கினான். "நான் கோட்டக்குப்பத்துல ஒரு கல்யாண வீட்ல இருந்தேன். காலையிலதான் வந்தேன். அண்ணனும் அண்ணியும் மட்டும்தான் வீட்ல." ஒரு நொடி யோசித்தான். விரல் திசை மாறியது. "அப்போ அண்ணிதான் மேடம்."

கமிஷன் அடித்த யுவராணி ஒரே மூச்சில் நிரபராதி ஆகிவிட்டாள். விஜயகுமாரின் நீதிமன்றத்தில் வழக்குகள் தேங்குவதில்லை.

கதவோரம் நின்ற வைஜெயந்தி அழவில்லை. கொழுந்தனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கிரீஸ் டப்பா எங்க இருக்குது விஜயகுமாரு?"

அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"சொல்லேன்டா. உனக்குத் தெரியாதா? உங்கண்ணன் கிரீஸைப் பீரோவுல வச்சுப் பூட்டுற ஆளு. வேலை ஆளுங்க ஒரு விரல் கூடுதலா எடுத்துடுவாங்களாம். சாவி அரைஞாண்ல. குளிக்கும்போதுகூட அவுக்கமாட்டாரு."

எல்லாருடைய கண்ணும் மேஜைக்குப் போனது.

லூர்துமேரி சாவியை எடுத்தாள். அடுத்த அறை பீரோ கிறீச்சென்றுகூடச் சொல்லாமல் திறந்தது. நன்றாக கிரீஸ் போட்ட பீரோ. உள்ளே பத்திரங்கள், சால்வைகள், கிரீஸ் டப்பா. டப்பாவுக்குப் பின்னால் ஒரு துணி மடிப்பு.

பிரித்தாள். இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு ஒன்று. பல்லில் ஒட்டிய இரும்புத்தூள். அதன்மேலும் ஒரு பூச்சு கிரீஸ்.

"பிளேடு துருப்பிடிச்சிடக் கூடாதாம்," என்றாள் இன்ஸ்பெக்டர். "என்னா பொறுப்பு."

"அண்ணனா?" விஜயகுமாரின் கஞ்சி இப்போதுதான் தளர்ந்தது. "அவரே அறுத்து அவரே படுத்தாரா? தற்கொலை பண்ற ஆளா அவரு? அடுத்த மாசம் சங்கத் தேர்தல்ல நிக்கிறாரு."

"அது அவருக்காக அறுத்தது இல்லீங்க."

சொன்னது யுவராணி. அவள் அறுந்த ஸ்பிரிங்கின் பக்கம் போய் நின்றாள்.

"மேடம், அந்தக் கொக்கியைத் துடைச்சுப் பாருங்க."

லூர்துமேரி கையுறையோடு ஒரு பஞ்சை எடுத்து, அறுந்த ஸ்பிரிங்கின் கொக்கியைத் துடைத்தாள். கறுப்பு வழிந்தது. அடியிலிருந்து நிறம் எட்டிப்பார்த்தது.

சிவப்பு.

"ரெண்டு ஸ்பிரிங் நீலம், ரெண்டு சிவப்பு. நீலம் லேசு, புதுசா வர்றவங்களுக்கு. சிவப்பு கனம். இந்த வீட்ல சிவப்புல பண்றது..." யுவராணி நிறுத்திக்கொண்டாள்.

"நான்தான்," என்றாள் வைஜெயந்தி.

வெளியே எங்கோ ஒரு இன்ஜின் டப டபவென்று உப்புத்தண்ணி இறைத்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்குள்ள ஏதாவது தகராறா?" லூர்துமேரி கேட்ட விதத்தில் முதல் தடவையாக மரியாதை இருந்தது.

"ரோட்டோரம் இருக்கிற உப்பளம் எங்கப்பா எனக்குக் குடுத்தது. ரிசார்ட் கட்ட ஆளு வந்துட்டான், கையெழுத்துப் போடுன்னாரு. நம்மகிட்ட அத்தனை குடும்பம் வேலை பாக்குது, முடியாதுன்னுட்டேன். கத்துனாரு. அப்புறம் திடீர்னு அமைதியாயிட்டாரு." அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள். "நேத்து ராத்திரி சாப்பிடும்போது, 'நாளைக்கு க்ளாஸை விட்டுடாத, சிவப்புலயே பண்ணு, உடம்புக்கு நல்லது'ன்னாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நம்ம உடம்பைப் பத்திக் கேக்கிறாருன்னு... எனக்குத் தூக்கமே வரல, சந்தோஷத்துல."

யுவராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று காலை வகுப்பு நடந்திருந்தால்? 'சிவப்பை எடுங்கக்கா, நல்லா இழுங்க' என்று அவளேதான் சொல்லியிருப்பாள். ஜெயில் பயத்தைவிட இது அதிகமாகக் குளிர்ந்தது.

"எல்லாம் சரி." லூர்துமேரி விஜயகுமாரிடம் திரும்பினாள். "அறுத்து வச்ச மெஷின்ல அறுத்தவனே எதுக்கு ஏறுனான்? காலையில இங்க யாரு இருந்தது? காபி யாருக்கு?"

விஜயகுமார் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

"உன்னைத்தான்பா. இவ்வளவு நேரம் ஊருக்கெல்லாம் விரலை நீட்டுனியே."

"சங்கத்து ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தேன் மேடம். மெஷினைப் பாக்கணும்னாங்க. நான்தான்... சும்மா தமாஷுக்கு..."

"என்ன சொன்ன?"

"'எங்கண்ணன் சீப்பா ஒண்ணை வாங்கி வச்சிருக்காரு, ஏறிப் படுத்தா பொலபொலன்னு போயிடும், அதான் யாரும் ஏற மாட்டேங்கிறாங்க'ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

உப்பு வேந்தரைப் பார்த்து 'சீப்' என்று சிரித்தார்கள்!

கொலைகாரனுக்குப் பொறுமை உண்டு. கஞ்சனுக்குக் கணக்கு உண்டு. பந்தாக்காரனுக்கு இரண்டும் கிடையாது.

"வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுப் படுத்துட்டாரு மேடம். ஆனா உடனே இழுக்கல. ஒவ்வொரு ஸ்பிரிங்கா தடவித் தடவி, கண்ணுகிட்ட கொண்டுபோய்ப் பாத்துட்டே இருந்தாரு. தரம் பாக்கிறாருன்னு நெனச்சோம். ஒருத்தரு, 'என்ன வேந்தரே, பயமா'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். ஒண்ணைப் பிடிச்சு இழுத்தாரு..."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாரும் ஓடிட்டாங்க."

லூர்துமேரி தொங்கிக்கொண்டிருந்த மூன்று ஸ்பிரிங்குகளையும் பார்த்தாள். எது நீலம், எது சிவப்பு? கறுப்புக்குள் எல்லாம் ஒரே ஜாதி. அறுத்த தடமும் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை. ஊர்ப் பழக்கம் கையில் ஊறியிருந்தது. அறுத்து முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. டப்பாவைத் திறந்து, நாலையும் கழற்றிக் கொக்கி விடாமல் தடவித் திரும்ப மாட்டி, தன் மனைவிக்கு வைத்த பொறி எது என்று தானே கண்டுபிடிக்க முடியாதபடி வேலையைச் சுத்தமாக முடித்திருந்தார் காசிலிங்கம்.

"நீ வீட்டுக்குப் போகலாம்மா," என்றாள் லூர்துமேரி யுவராணியிடம். "உன்மேல ஒண்ணும் இல்ல."

யுவராணி போகவில்லை. வைஜெயந்தியின் கையை விடாமல் நின்றாள். வைஜெயந்தி அந்த இரும்புச் சட்டத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"பல் குச்சி ஒடிக்கிறதுக்குக்கூட ஒரு ஆளைக் கூப்பிடுவாரு மேடம். தன் கையால ஆரம்பிச்சு, தன் கையாலயே முடிச்ச ஒரே வேலை இதுதான்."